நெஞ்சுவலிக்கு அதிர்வலைச் சிகிச்சை: ஒப்புக்கொள்ளும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

“உங்களுக்கு ஷாக் வேவ் செய்து பார்க்கலாம்” என்று இதய மருத்துவர் சொன்னால், நோயாளி திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி “எந்த ஷாக் வேவ்?” என்பதே. இந்த ஒரே பெயரைச் சுற்றி மருத்துவமனைகளில் பல வேலைகள் நடக்கின்றன. ஸ்டென்ட் வைக்கப் போகும் இடத்தில் ரத்தக்குழாயின் சுவர் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகியிருந்தால், சிறு பலூன் ஒன்றைக் குழாய்க்குள் கொண்டுபோய், அதற்குள் அதிர்வலைகளை எழுப்பி அந்தச் சுண்ணாம்பை நொறுக்குவார்கள். அமெரிக்காவில் 2021-இல் இதய ரத்தக்குழாய்களுக்கு அனுமதி பெற்ற இந்த முறையைத்தான் ஆஞ்சியோவும் ஸ்டென்டும் செய்யும் அறையான கேத் லேபில் பெரும்பாலும் ‘ஷாக் வேவ்’ என்கிறார்கள். இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது மார்பில் வைத்துக் கொடுக்கும் ‘ஷாக்’ மின்சாரம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குதிகால் வலிக்கு பிசியோதெரபியில் வைக்கும் கருவியும் இதே பெயரில் வழங்குகிறது. இவை எதிலும் சேராத இன்னொன்று, மார்புக்கு வெளியே ஒரு கருவியை வைத்து, ரத்த ஓட்டம் குறைந்துபோன இதயத் தசையின் மீது குறைந்த ஆற்றலுள்ள அதிர்வலைகளைச் செலுத்தும் சிகிச்சை. கத்தி இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்தும் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

இதன் மூதாதை சிறுநீரகக் கல்லை உடைக்கும் இயந்திரம். ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனத்தில் அதிர்வலைகளைப் பற்றி நடந்த ஆராய்ச்சியிலிருந்து அது பிறந்தது. 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசியும் அவருடைய குழுவினரும் முதன்முதலாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே உடைத்தார்கள். கல்லை உடைக்கும் அலை வேறு, இதயத்துக்குக் கொடுக்கும் அலை வேறு என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இதயத்துக்கு வழக்கமாகப் பயன்படும் ஆற்றல் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.09 மில்லிஜூல், கல்லுடைப்பில் செலவாவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. எனவே இந்த அலை ரத்தக்குழாயில் உள்ள அடைப்பை உடைப்பதில்லை. “அடைப்பு கரைந்துவிடும்” என்று யாராவது சொன்னால், அவர் இந்தச் சிகிச்சையைப் புரிந்துகொள்ளவில்லை என்றோ, புரிந்துகொண்டே அப்படிச் சொல்கிறார் என்றோ எடுத்துக்கொள்ளலாம்.

அடைப்பை உடைக்காவிட்டால் பிறகு என்னதான் செய்கிறது? திசுவுக்குள் செல்லும் அலை நுண்ணிய குமிழிகளை உண்டாக்குகிறது. அவை வெடிக்கும்போது அருகிலுள்ள செல்களின் மேல் ஓர் இழுவிசை விழுகிறது. அதை உணரும் ரத்தக்குழாய்ச் செல்கள் நைட்ரிக் ஆக்ஸைடையும், புதிய குழாய்களை வளரத் தூண்டும் புரதங்களையும் கூடுதலாகச் சுரக்கின்றன. அதனால் அந்தப் பகுதியில் முடியினும் மெல்லிய நுண்குழாய்கள் பெருகி, பட்டினி கிடக்கும் தசைக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் கிடைக்கும் என்பதே இதன் அடிப்படை எண்ணம். ஜப்பானில் ஹிரோவாகி ஷிமோகாவாவின் குழுவினர் பன்றிகளின் இதயத்தில் ஒரு ரத்தக்குழாயை மெல்ல மெல்ல அடைபடச் செய்து, பிறகு இந்த அலையைக் கொடுத்துப் பார்த்தபோது, குழாய்கள் பெருகியதையும் தசையின் அசைவு மீண்டதையும் கண்டு 2004-இல் வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், வேறு வழியில்லாத ஒன்பது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவும் வெளிவந்தது. குழாய் வளர்வதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். ஆகவே இன்று கொடுத்து நாளை வலி நின்றது என்றால், அது புதுக் குழாயின் வேலையாக இருக்க வழியில்லை.

முதலில், உங்கள் வலி எந்த வகை என்று உறுதிசெய்யுங்கள்

இச்சிகிச்சை நிலையான நெஞ்சுவலிக்கு மட்டுமே உரியது. நிலையான வலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மாடிப்படி ஏறினால், மேட்டில் வேகமாக நடந்தால், வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் நடந்தால், கோபம் தலைக்கேறினால் நெஞ்சின் நடுவில் ஒரு பாரமோ இறுக்கமோ வரும். சிலருக்கு இடக்கையிலும் தாடையிலும் பரவும். நின்று இளைப்பாறினாலோ நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் என்னும் நைட்ரேட் மாத்திரையை வைத்துக்கொண்டாலோ சில நிமிடங்களில் அடங்கும். எவ்வளவு தூரம் நடந்தால் வரும் என்று நோயாளியே முன்கூட்டிச் சொல்லக்கூடிய வலி இது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியாக வராமல் மூச்சுத் திணறலாகவோ இனம் தெரியாத அசதியாகவோ வரலாம் என்பதால், “எனக்கு வலியே இல்லை, இரைப்புதான்” என்பதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே வருகிற வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, கடந்த சில வாரங்களில் புதிதாகத் தொடங்கிய வலி, முன்பு 500 மீட்டர் நடந்தால் வந்தது இப்போது 50 மீட்டரிலேயே வருகிறது என்னும்படி மோசமாகிவரும் வலி ஆகியவை நிலையான வலி அல்ல. சார்பிட்ரேட் ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஆகியும் வலி குறையவில்லை என்றாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, அதிர்வலையைப் பற்றி யோசிக்கும் நேரம் அதுவல்ல. 108-ஐ அழைக்க வேண்டிய நேரம். நாக்கின் கீழ் மாத்திரையை நின்றுகொண்டு வைத்துக்கொள்ளக் கூடாது, உட்கார்ந்துகொள்ள வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி விழுந்து தலையில் அடிபட்டவர்கள் உண்டு. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டாடலாஃபில் மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள் சார்பிட்ரேட் வைத்துக்கொண்டால் ரத்த அழுத்தம் அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். வெட்கப்பட்டு மறைக்கப்படுவதாலேயே இதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

வரிசையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

அதிர்வலைச் சிகிச்சை வரிசையின் கடைசியில் நிற்பது. மருந்துகளை முழு அளவில் கொடுத்தும் வலி தீராதவர், ஸ்டென்டோ பைபாஸோ செய்ய இயலாதவர் அல்லது செய்தும் வலி திரும்பியவர், அதே நேரத்தில் அந்த வலிக்கு ரத்தக் குறைவே காரணம் என்று சோதனையில் உறுதியானவர் ஆகியோருக்காகவே இது ஆராயப்பட்டது. அப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இரண்டு முறை பைபாஸ் ஆகி ஒட்டுக்குழாய்களும் அடைத்துப்போனவர், சர்க்கரை நோயால் குழாய்கள் நுனிவரை மெலிந்து ஒட்டுப் போட இடமே இல்லாதவர், சிறுநீரகம் பழுதாகி அறுவையைத் தாங்க முடியாதவர் என இதய மருத்துவர் ஒவ்வொருவரிடமும் இத்தகைய நோயாளிகள் சிலர் உண்டு. ஆனால் பைபாஸுக்குப் பயந்து, “ஆபரேஷன் இல்லாமல் ஏதாவது” என்று தேடிவந்தவர்கள் இந்த வரிசையில் குறுக்கே நுழையும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. இடது பிரதான ரத்தக்குழாயில் கடுமையான அடைப்பு உள்ளவர் அறுவையைத் தள்ளிப்போட்டுவிட்டு ஒன்பது வாரம் அதிர்வலை எடுத்துக்கொள்வது, கூரை ஒழுகுகிறதென்று தெரிந்தும் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதற்குச் சமம்.

எனவே ஒப்புக்கொள்வதற்கு முன் சில வேலைகளை முடிக்க வேண்டும். முதல் வேலை மாத்திரைப் பட்டியலை மருத்துவரோடு உட்கார்ந்து பார்ப்பது. நெஞ்சுவலியைக் குறைக்கும் மருந்துகளில் பல வகை உண்டு: மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள், ஆம்லோடிபின் போன்ற கால்சியம் பிளாக்கர்கள், நீண்ட நேரம் வேலை செய்யும் நைட்ரேட்கள், நிக்கோரண்டில், ஐவாபிரடின், ரனோலசின், டிரைமெட்டசிடின். இவற்றில் ஒன்றை மட்டும் குறைந்த அளவில் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டு, “மருந்து கேட்கவில்லை” என்று முடிவுகட்டப்பட்டவர்கள் ஏராளம். “எந்த வகைகளை எந்த அளவுவரை கொடுத்துப் பார்த்தோம், எதை ஏன் நிறுத்தினோம்?” என்று கேட்டு, பதிலை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் வேளையையும் சரிபார்க்க வேண்டும். நாள் முழுவதும் இடைவெளியின்றி மருந்து ரத்தத்தில் இருந்தால் உடல் அதற்குப் பழகிப்போய் மருந்து வேலை செய்யாது. ஆகவே நாளில் சில மணி நேரம், பெரும்பாலும் இரவில், மருந்தில்லாத இடைவெளி விட்டே வேளையை அமைப்பார்கள். காலை, இரவு என்று சரிசமமாகப் பிரித்துச் சாப்பிட்டவருக்கு வேளையை மாற்றியதுமே வலி குறைந்துவிடலாம்.

இரண்டாவது, வலியைத் தூண்டும் மற்ற காரணங்கள். ரத்தசோகை இருந்தால், ஓடும் ரத்தம் போதுமானதாக இருந்தாலும் அதில் ஆக்சிஜன் போதாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இதயம் ஓய்வில்லாமல் ஓடும். கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், அயோர்டிக் வால்வு சுருக்கம், நிறுத்தாத சிகரெட் ஆகியவையும் அப்படியே. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க ஒரு ரத்தச் சோதனை போதும். பல ஆயிரம் ரூபாய் செலவாகும் ஒரு சிகிச்சைத் தொடரைத் தொடங்குமுன் இந்தச் சோதனைகளைச் செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மூன்றாவது, ஆஞ்சியோகிராமின் சிடியை எடுத்துக்கொண்டு, அதிர்வலை இயந்திரம் இல்லாத வேறு ஒரு மருத்துவமனையில், ஸ்டென்ட் போடுபவர் ஒருவரிடமும் பைபாஸ் செய்பவர் ஒருவரிடமும் கருத்துக் கேட்பது. முற்றிலும் அடைபட்டுப் பல ஆண்டுகள் ஆன குழாய்களைத் திறப்பதில் தேர்ந்த மருத்துவர்கள் இன்று இருக்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் “ஒன்றும் செய்ய முடியாது” என்று எழுதப்பட்ட படத்தை இன்று வேறு கண்ணோடு பார்க்கக் கூடும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படம் வேண்டும்.

நான்காவது, ரத்தக் குறைவு எங்கே இருக்கிறது என்று காட்டும் சோதனை. சாதாரண எக்கோவும் சாதாரண ஈசிஜியும் இதைச் சொல்லா. நம் ஊரில் தாலியம் ஸ்கேன் என்று பொதுவாக அழைக்கப்படும் அணுக்கதிர் ஸ்கேனோ, மருந்தோ நடையோ கொடுத்து எடுக்கும் ஸ்டிரெஸ் எக்கோவோ, இதய எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். அவற்றில் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: எந்தப் பகுதிக்கு உழைப்பின்போது ரத்தம் போதவில்லை, அந்தப் பகுதியின் தசை உயிரோடு இருக்கிறதா. மாரடைப்பால் இறந்து வடுவாகிவிட்ட தசைக்கு எத்தனை அலை கொடுத்தாலும் அது எழுந்திருக்காது. இந்த வரைபடம் இல்லாமலே “மார்பு முழுவதும் கொடுத்துவிடலாம்” என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

யாருக்குக் கூடாது?

இதய அறைக்குள் ரத்தக்கட்டி இருப்பவர்கள், கர்ப்பிணிகள், மார்புப் பகுதியில் புற்றுநோய் உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் ஆகியோரை ஆய்வுகளில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. துடிப்பு மிகவும் ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு அலையைத் துடிப்போடு இணைப்பது கடினம். பேஸ்மேக்கரோ, துடிப்பு தடம்புரண்டால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. கருவியோ பொருத்தியிருந்தால் அதைப் பொருத்திய மருத்துவரின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். நுரையீரல் விஷயம் பலரும் எதிர்பாராதது: அதிர்வலை நீரிலும் தசையிலும் சுலபமாகப் பாயும், காற்றைச் சந்தித்த இடத்தில் தன் ஆற்றலை அங்கேயே இறக்கிவிடும். ஆகவே பல ஆண்டுகள் புகைத்து நுரையீரல் ஊதிப்போய் இதயத்தை மூடிக்கொண்டிருப்பவர்களுக்கு, அலை நுழைய விலா எலும்புகளுக்கிடையே நல்ல ‘ஜன்னல்’ கிடைப்பதில்லை. எக்கோவில் இதயம் தெளிவாகத் தெரியவில்லை என்று முன்பே யாராவது எழுதியிருந்தால், அந்த அறிக்கையை எடுத்துப் போங்கள்.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் துணை நிற்கின்றன?

உள்ளதை உள்ளபடி சொன்னால், பாதி தூரம். ஜப்பானின் சுகாதார அமைச்சகம் 2010-இல் கடுமையான நெஞ்சுவலிக்கு இதை ‘மேம்பட்ட மருத்துவம்’ என்னும் பிரிவில் அனுமதித்தது. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 39 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,200 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. வலி குறைந்தது, நைட்ரேட் மாத்திரையின் தேவை குறைந்தது, நடக்கும் திறன் கூடியது என்ற பக்கமே முடிவுகள் சாய்ந்திருந்தன. குறிப்பிடத்தக்க தீங்கும் காணப்படவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். தனக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்று நோயாளிக்குத் தெரிந்தே நடந்தவை பல. லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் 72 நோயாளிகளைக் கொண்டு, ஒரு பாதியினருக்கு உண்மையான அலையும் மறுபாதியினருக்கு அலை செல்லாத பொய்ச் சிகிச்சையும் கொடுத்து, யாருக்கு எது என்பதை மறைத்து நடத்திய ஆய்வில், நடைத்திறனிலும் வலியிலும் இரு குழுவினரிடையே வேறுபாடு தெரியவில்லை.

நெஞ்சுவலி ஆய்வுகளில் இது புதிதல்ல. பிரிட்டனில் 2017-இல் வெளியான ஆர்பிட்டா ஆய்வில் 200 பேரைச் சேர்த்து, ஸ்டென்ட் வைத்தவர்களையும் வைத்ததுபோல் பாவனை செய்யப்பட்டவர்களையும் ஒப்பிட்டபோது, டிரெட்மில்லில் நடக்கும் நேரத்தில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்ற முடிவு இதய மருத்துவ உலகையே உலுக்கியது. நெஞ்சுவலிக்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் நடத்திய இரண்டாம் ஆர்பிட்டா 2023-இல் வந்த பிறகுதான், ஸ்டென்ட் வலியைக் குறைக்கத்தான் செய்கிறது என்று காட்ட முடிந்தது. ஸ்டென்டுக்கே இப்படிச் சோதனை தேவைப்பட்டது என்றால், அதிர்வலைக்கு அந்த அளவுக்குப் பெரிய, மறைத்து நடத்திய ஆய்வு இன்னும் தேவை என்பதில் வியப்பில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டி, தீராத நெஞ்சுவலிக்கு கால்களில் கட்டிய பட்டைகளைத் துடிப்புக்கேற்ப இறுக்கித் தளர்த்தும் ஈ.ஈ.சி.பி. சிகிச்சையையும், இதயச் சிரையில் பொருத்தும் ரெடியூசர் என்னும் கருவியையும் ‘பரிசீலிக்கலாம்’ என்ற தளர்வான பிரிவில் வைத்தது. அதிர்வலைக்கு அந்த அளவு பரிந்துரையும் கிடைக்கவில்லை.

ஒரு செய்தி சில சமயம் தவறாக மேற்கோள் காட்டப்படும். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரக் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 63 நோயாளிகளில் அதிர்வலை பெற்றவர்களுக்கு இதயத்தின் பம்பிங் திறன் ஓராண்டில் 11.3 சதவீதப் புள்ளிகளும், பெறாதவர்களுக்கு 6.3 சதவீதப் புள்ளிகளும் கூடியது. நல்ல முடிவுதான். ஆனால் அங்கே பைபாஸ் அறுவையின்போது மார்பைத் திறந்து, இதயத்தின் மேலேயே நேரடியாக அலை கொடுத்தார்கள். அளந்தது பம்பிங் திறனை. வெளியிலிருந்து கொடுத்து நெஞ்சுவலியைக் குறைப்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, வேறு எல்லா வழியும் அடைபட்டவருக்கு, தீங்கு குறைவாகத் தெரியும் ஒரு முயற்சி என்ற அளவில் இதற்கு இடமுண்டு என்பதே என் கணிப்பு. ‘இயற்கை பைபாஸ்’ என்ற விளம்பரச் சொல்லுக்கு இடமில்லை. ஆயுளைக் கூட்டும், மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கும் சான்று இல்லை.

முதல் அலைக்கு நான்கு வாரம் முன்பே தொடங்க வேண்டியது

வலிக் குறிப்பேடு ஒன்று போடுங்கள். சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, சார்பிட்ரேட் எத்தனை என்பவற்றை அன்றன்றே எழுத வேண்டும். ஒரு நாளின் பதிவு இப்படி இருக்கலாம்: “செவ்வாய், காலை 6.40. பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கோயில் மேட்டில். 3 நிமிடம். நின்றதும் போய்விட்டது, மாத்திரை இல்லை. இரவு 8.15. சாப்பிட்டு முடித்து இரண்டாம் மாடி ஏறியபோது. 5 நிமிடம். சார்பிட்ரேட் 1.” வலியே வராத நாளிலும் “இன்று இல்லை” என்று எழுதுவது முக்கியம், கூடவே அன்று வெளியே நடந்தீர்களா, வீட்டிலேயே இருந்தீர்களா என்பதையும் எழுதுங்கள். வலிக்குப் பயந்து நடப்பதையே விட்டுவிட்டவருக்கு வலி குறைந்ததுபோல்தான் தோன்றும். தெருவில் ஒரு குறிப்பிட்ட தூரத்தைத் தேர்ந்து, எந்த இடத்தில் வலி தொடங்குகிறது என்பதை வாரம் ஒருமுறை ஒரே வேளையில் பாருங்கள். மருத்துவமனையிலும் ஆறு நிமிட நடைச் சோதனை, முடிந்தால் டிரெட்மில் ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நான்கு வாரக் கணக்கு இல்லையென்றால், ஆறு மாதம் கழித்து “பரவாயில்லை போலிருக்கிறது” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாமல் போகும். இந்த வாரங்களில் மருந்தை மாற்றாமல் வைத்திருப்பதும் அவசியம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பணக் கணக்கையும் அப்போதே பேசிவிடுங்கள். மொத்தம் எத்தனை அமர்வு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, முன்னும் பின்னும் எடுக்கும் ஸ்கேன் இதில் சேருமா, இடையில் நிறுத்தினால் மீதி திரும்புமா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். படுக்கையில் சேராமல் செய்யும் சிகிச்சை என்பதாலும், சோதனை நிலையில் உள்ளது என்று சொல்ல இடமிருப்பதாலும், காப்பீட்டு நிறுவனத்தின் பதிலை மின்னஞ்சலில் வாங்கிய பிறகே தேதி குறிப்பது நல்லது.

அமர்வு நாளில்

பரவலாகப் பின்பற்றப்படும் அட்டவணை ஒன்பது வாரம் கொண்டது: முதல் வாரத்தில் மூன்று அமர்வு, ஐந்தாம் வாரத்தில் மூன்று, ஒன்பதாம் வாரத்தில் மூன்று. இடையில் விடும் வாரங்கள் குழாய்கள் வளர்வதற்கான அவகாசம். ஜப்பானியக் குழுவினரோ ஒரே வாரத்தில் மூன்று அமர்வோடு முடித்துவிட்டு, ஓர் அமர்வில் 40 முதல் 70 இடங்கள்வரை, இடத்துக்கு 200 அலை என்று கொடுத்தார்கள். உங்களுக்கு எந்த முறை என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வயிறு முட்டச் சாப்பிடாமல், முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையோ ரவிக்கையோ அணிந்து செல்லுங்கள். கழுத்துச் சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிடலாம். மார்பில் முடி அடர்ந்திருந்தால் கொஞ்சம் மழிப்பார்கள், ஏனென்றால் முடிக்கிடையே சிக்கும் காற்றும் அலையைத் தடுக்கும்.

மேசையில் மல்லாந்தோ சற்று இடப்பக்கம் சரிந்தோ படுக்கவைத்து, ஈசிஜி ஒயர்களை ஒட்டுவார்கள். எக்கோ கருவியால் இதயத்தைப் பார்த்து, ஸ்கேனில் குறித்து வைத்த பகுதியைக் கண்டுபிடித்து, அங்கே ஜெல்லைத் தாராளமாகப் பூசி, தண்ணீர் நிரம்பிய மெத்தைபோன்ற முனையுள்ள கருவியை அழுத்திப் பொருத்துவார்கள். பிறகு ‘டக், டக்’ என்று ஒரு சத்தம் உங்கள் துடிப்போடு சேர்ந்து கேட்கத் தொடங்கும். ஒவ்வோர் அலையும் ஈசிஜியில் ஆர் என்னும் உச்சி தோன்றும் கணத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணத்தில் இதயத் தசை வேறெந்தத் தூண்டுதலுக்கும் செவிசாய்க்காது. சற்றுப் பிந்தி வரும் பலவீனமான கணத்தில் அலை விழுந்தால் துடிப்பு தடம்புரளக்கூடும். அதனாலேயே ஈசிஜி ஒயர் ஒன்று கழன்றுவிட்டதாகத் தோன்றினால், தயங்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஓர் இடத்துக்கு 100 அலை, பத்து இடம் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் அலை. துடிப்பு நிமிடத்துக்கு 70 என்றால் கால் மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக ஆகும். இடம் மாற்றுவதற்கும் மறுபடி எக்கோ பார்ப்பதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் அரை மணியிலிருந்து ஒரு மணிவரை ஆகலாம். விரலால் விலாவில் சுண்டுவதுபோல் இருக்கும் என்பதே பெரும்பாலும் கேள்விப்படுவது. பேசலாம், ஆனால் அசையவோ ஆழ்ந்து மூச்சிழுக்கவோ கூடாது. மூச்சோடு இதயமும் இடம் மாறும். வழக்கமான நெஞ்சுவலி அங்கேயே தொடங்கினாலோ, படபடப்போ மூச்சு முட்டலோ வந்தாலோ, “முடியட்டும், பார்க்கலாம்” என்று பொறுத்துக்கொள்வது தவறு. அறையில் மார்பில் மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரும் இதய மருத்துவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பதைப் பேரம் பேசாத நிபந்தனையாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்து, சற்று நேரம் உட்காரவைத்து அனுப்புவார்கள். அன்று கனமான வேலை வேண்டாம். மறுநாள் வழக்கமான நடையைத் தொடரலாம்.

பலனை எப்படி அளப்பது?

குறிப்பேட்டை நிறுத்தாமல் எழுதிவாருங்கள். தொடர் முடிந்து மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும், தொடங்குமுன் எடுத்த அதே சோதனைகளை, முடிந்தால் அதே இயந்திரத்தில், அதே மருந்துகளோடு எடுக்க வேண்டும். முன்பு வாரத்துக்கு எட்டு முறை வந்த வலி மூன்றாகக் குறைந்து, ஸ்கேனிலும் ரத்தக் குறைவுள்ள பகுதி சுருங்கியிருந்தால் நம்பத்தக்க பலன். வலி குறைந்து ஸ்கேன் அப்படியே இருந்தால், அந்த நிம்மதி உங்களுடையது, அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் அதை நம்பி மாத்திரையைக் குறைக்கக் கூடாது. ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் எந்த நிலையிலும் தொடரும். நாள்பட்ட இதய நோயாளிகளுக்கு எல்.டி.எல். கொழுப்பை 55-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டிகள் சொல்வதில், அதிர்வலை எடுத்தவருக்கு மட்டும் விலக்கு எதுவும் இல்லை.

இரண்டும் மாறாமல் இருந்தால், ஈ.ஈ.சி.பி., ரெடியூசர், முறையான இதய மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவற்றைப் பற்றி மருத்துவரோடு பேச வேண்டிய வேளை அது. அப்போது “இன்னொரு ஒன்பது அமர்வு எடுத்தால் சரியாகும்” என்று சொல்லப்பட்டால், முதல் தொடருக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு ஸ்கேன் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பகுதி எவ்வளவு மாறியது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் பேச்சைத் தொடரலாம். முடியாவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள்.